சாவி பாக்கெட்டிலேயே இருக்கட்டும்: கீலெஸ் ஸ்போர்ட்ஸ் காரோடு பழகிய அனுபவம்

ஸ்போர்ட்ஸ் காரைப் பற்றி எழுதுபவர்கள் எஞ்சினில் ஆரம்பித்து டயரில் முடித்துவிடுவார்கள். சாவியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஆனால் காரை எடுக்கும்போதெல்லாம் முதலில் கை படுவது அதில்தான். என்னுடையது இரண்டு கதவு, தாழ்வான கூப்பே. புதிதாக வாங்கி ஒரு வருடத்துக்கு மேல் ஓட்டியாகிவிட்டது. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஸ்டார்ட் பட்டன் அருமை, ரிமோட்டில் இருக்கும் பட்டன்கள் போதும், சாவியைக் கையில் எடுக்காமல் கைப்பிடியைத் தொட்டாலே கதவு திறக்கும் கீலெஸ் வசதியை நான் அணைத்து வைத்திருக்கிறேன்.

அந்த வசதி மோசம் என்று சொல்லவில்லை. இரண்டு கையிலும் பையோடு வந்து நிற்கும்போது அதன் அருமை தெரியும். என் காரில் கதவுக் கண்ணாடிக்குச் சட்டம் கிடையாது. கைப்பிடியை இழுத்ததும் கண்ணாடி ஒரு விரல்கடை கீழே இறங்கும், அப்புறம்தான் கதவு விலகும். மூடியதும் மறுபடி மேலேறி ரப்பருக்குள் போய் உட்காரும். இதை வேடிக்கை பார்ப்பதற்காகவே கதவைத் திறந்து மூடிய நாட்கள் உண்டு. இந்தக் கண்ணாடி விவகாரம் பின்னால் வேறு விதமாக வரும்.

உள்ளே நடப்பது இதுதான். கைப்பிடியில் கை பட்டதும் கார் 125 கிலோஹெர்ட்ஸ் அளவில் ஒரு தாழ் அதிர்வெண் அலையை அனுப்புகிறது. அது ஒன்றிரண்டு மீட்டருக்கு மேல் போகாது. அந்த வட்டத்துக்குள் சாவி இருந்தால் விழித்துக்கொண்டு, நாட்டைப் பொறுத்து 315 அல்லது 433 மெகாஹெர்ட்ஸில் ரகசியக் குறியீட்டோடு பதில் தருகிறது. ஸ்டார்ட் பட்டனை அழுத்தும்போது கேபினுக்குள் இருக்கும் ஆன்டெனாக்கள் சாவி உள்ளேதான் இருக்கிறதா என்று இன்னொரு முறை தேடுகின்றன. தொழில்நுட்பம் புதிதல்ல. 1982-லேயே ரெனோ ஃபுவேகோ என்ற காரின் கதவு ரிமோட்டில் திறந்தது. பட்டனைக்கூட அழுத்தாமல், அருகே வந்தாலே பூட்டு திறக்கும் ஏற்பாடு 1993 கார்வெட்டில் வந்துவிட்டது. இந்த விஷயத்தில் சொகுசு செடான்கள் பலவற்றுக்கு ஒரு ஸ்போர்ட்ஸ் கார் முந்திக்கொண்டது.

அன்றாடத் தொந்தரவு சின்னதுதான், ஆனால் ஓயாதது. ஸ்போர்ட்ஸ் சீட் இடுப்பை இரண்டு பக்கமும் இறுக்கிப் பிடிக்கும். பேன்ட் பாக்கெட்டில் இந்தக் குண்டுச் சாவி இருந்தால் தொடையில் குத்தும், குனிந்து உட்காரும்போது பட்டன் அழுந்தி டிக்கி திறந்துகொள்ளும். சரி, கப் ஹோல்டரில் போடலாம் என்றால், கொஞ்சம் வேகமாக ஒரு வளைவைத் திரும்பினால் போதும், சாவி பறந்து சீட்டுக்கு அடியில் போய்விடும். போனுக்கான வயர்லெஸ் சார்ஜரின் பக்கத்தில் வைத்தால் ‘சாவி இல்லை’ என்று திரையில் எச்சரிக்கை வரும், ஏனென்றால் சார்ஜரின் காந்தப்புலம் அந்தத் தாழ் அதிர்வெண் அலையைக் குழப்பிவிடுகிறது. கடைசியில் சட்டைப் பாக்கெட்தான் சரிப்பட்டது.

இன்னொன்று, ஓடிக்கொண்டிருக்கும் காரிலிருந்து சாவியோடு இறங்கினால் எஞ்சின் நிற்காது, பீப் என்று கத்தும், அவ்வளவுதான். பாதுகாப்புக்காகத்தான் அப்படி வைத்திருக்கிறார்கள், ஓடும் வண்டி நடுவழியில் நின்றுவிடக் கூடாதே. ஆனால் ஓட்டுபவர் மாறும்போது சாவி உங்கள் பாக்கெட்டிலேயே தங்கிவிட்டால், வண்டியை எடுத்துப் போனவர் போன இடத்தில் அணைத்ததோடு சரி, மறுபடி ஸ்டார்ட் செய்ய முடியாது.

என் பெரிய குறை வேறு. கீலெஸ் ஏற்பாடு தினமும் ஓடுகிற காருக்காக யோசிக்கப்பட்டது. ஸ்போர்ட்ஸ் கார் வாரக்கணக்கில் உறை போட்டுக் கிடக்கும். கார் நிற்கும் சுவருக்கு அந்தப் பக்கம் சாவியை மாட்டி வைத்தால், அலை எட்டும் தூரத்தில் இருக்கிற காரும் சாவியும் அவ்வப்போது ஒன்றையொன்று எழுப்பிக்கொண்டே இருக்கும். சாவியின் பேட்டரியும் தேயும், காரின் 12 வோல்ட் பேட்டரியும் தேயும். சாவியைத் தள்ளி வையுங்கள் என்று பல கையேடுகளில் இருக்கிறது, சிறிய எழுத்தில். டொயோட்டாவின் பல சாவிகளில் இதற்கு நல்ல வழி உண்டு: லாக் பட்டனை அழுத்திப் பிடித்தபடி அன்லாக்கை இரண்டு முறை அழுத்தினால் சாவி தூங்கப் போய்விடும், ஏதாவது ஒரு பட்டனைத் தொட்டால் எழுந்துவிடும். எல்லா கம்பெனியும் இப்படிக் கொடுக்கலாம்.

சாவியின் பேட்டரி தீர்ந்தால் பயப்பட ஒன்றுமில்லை. உள்ளே செருகியிருக்கும் இரும்புச் சாவியை உருவிக் கதவைத் திறக்கலாம். சரியான சாவி இல்லாமல் எஞ்சினைக் கிளம்பவிடாத இம்மொபிலைசருக்கான சில்லுக்கு பேட்டரியே வேண்டாம், காரில் இருக்கும் கம்பிச் சுருளிலிருந்தே அது மின்சாரம் எடுத்துக்கொள்ளும். அதனால் சாவியை ஸ்டார்ட் பட்டனை ஒட்டி வைத்தோ, அதற்கென்று இருக்கும் இடத்தில் வைத்தோ எஞ்சினை எழுப்பிவிடலாம். அந்த இடம் காருக்குக் கார் மாறும். கார் நன்றாக இருக்கும்போதே ஒருமுறை செய்து பார்த்துவிடுங்கள். இரும்புச் சாவி நுழையும் துளையே சில கார்களில் கைப்பிடியின் மூடிக்குள் ஒளிந்திருக்கும்.

சாவியில் இருப்பது பெரும்பாலும் சிஆர்2032 என்ற நாணய வடிவ பேட்டரி, 3 வோல்ட். குழந்தைகள் விழுங்காமலிருக்க இப்போது கசப்புப் பூச்சோடு சில வருகின்றன. பூச்சு தொடுமுனையில் பட்டு சில சாவிகளில் இணைப்பு சரியாகக் கிடைப்பதில்லை. புதுப் பேட்டரி போட்டும் வேலை செய்யவில்லை என்றால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். குழந்தைகள் இருக்கும் வீட்டில் பழைய பேட்டரியைக்கூட மேசையில் போட்டு வைக்க வேண்டாம், விழுங்கினால் உணவுக்குழாயைச் சில மணி நேரத்திலேயே அரித்துவிடும்.

காரின் பேட்டரியே செத்துப்போனால்தான் உண்மையான தலைவலி. இரும்புச் சாவியால் கதவு திறக்கும், ஆனால் கண்ணாடி கீழே இறங்காது. ரப்பருக்குள் மாட்டியிருக்கும் கண்ணாடியோடு கதவை மெதுவாக, கொஞ்சம் கொஞ்சமாக வெளியே எடுக்க வேண்டும். வெடுக்கென்று இழுத்தால் ரப்பர் கிழியும், கண்ணாடிக்கும் ஆபத்து. போர்ஷே 911 போல பேட்டரி முன் டிக்கிக்குள்ளும், டிக்கித் தாழ்ப்பாள் மின்சாரத்திலும் இருக்கும் கார்களில் கதை இன்னும் சுவாரசியம்: பேட்டரியைத் தொட டிக்கி திறக்க வேண்டும், டிக்கி திறக்க பேட்டரி வேண்டும். அதற்காகவே சில தலைமுறை 911-களில் வெளியிலிருந்து மின்சாரம் கொடுத்து டிக்கியைத் திறக்க, ஃபியூஸ் பெட்டியிலிருந்து வெளியே இழுக்கக்கூடிய ஒரு மின்முனை வைத்திருக்கிறார்கள். நீண்ட நாள் நிறுத்துபவர்கள் பேட்டரியைப் பராமரிக்கும் சார்ஜர் ஒன்றை வாங்கிவிடுவது நல்லது. நான் வாங்கியவற்றிலேயே உருப்படியான பொருள் அதுதான்.

அணைத்து வைத்ததற்கு இரண்டாவது காரணம் திருட்டு. ஒருவர் காருக்குப் பக்கத்திலும் இன்னொருவர் வீட்டு வாசலிலும் கருவியோடு நின்று, காரின் அந்தத் தாழ் அலையை நீட்டிக் கொடுத்தால் போதும். வீட்டுக்குள் இருக்கும் சாவி கார் பக்கத்தில் இருப்பதாக நினைத்துப் பதில் சொல்லிவிடும். ரகசியக் குறியீட்டை யாரும் உடைக்க வேண்டியதே இல்லை. 2011-லேயே சூரிச்சின் ஈடிஹெச் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 8 நிறுவனங்களின் 10 கார் மாடல்களில் இதைச் செய்து பார்த்தார்கள், பத்தும் ஏமாந்தன. அசையாமல் இருந்தால் தூங்கிவிடும் சாவிகள் பிறகு வந்தன. அதைவிடச் சரியான தீர்வு அல்ட்ரா வைட்பேண்ட் என்ற ரேடியோ முறை: அலை போய்த் திரும்பும் நேரத்தை அளந்து தூரத்தைக் கணக்கிடுகிறது. ஒரு நானோ நொடிக்கு அலை 30 சென்டிமீட்டர்தான் போகும் என்பதால், நடுவில் ஆள் வைத்து நீட்டினால் தாமதம் காட்டிக் கொடுத்துவிடும். என் சாவியில் இது இல்லை. உங்கள் காரில் இருந்தால், நான் அணைத்த வசதியை நீங்கள் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். இல்லாதவர்களுக்கு உலோக இழை வைத்த சிக்னல் தடுப்புப் பை இருக்கிறது. பைக்குள் சாவியைப் போட்டுக் கதவுக் கைப்பிடியைத் தொட்டுப் பாருங்கள், திறந்தால் அந்தப் பை வேஸ்ட். நாளடைவில் மடிப்புகளில் இழை அறுந்துபோகும், அவ்வப்போது திரும்பச் சோதிக்க வேண்டும்.

ஒன்றே ஒன்று மீதி. பெட்டியில் கிடக்கும் இரண்டாவது சாவியையும் மாதம் ஒரு முறை பயன்படுத்துங்கள், இல்லாவிட்டால் அதன் பேட்டரி எப்போது தீர்ந்தது என்றே தெரியாமல் போய்விடும். பழைய கார் வாங்குபவர்கள் இரண்டு சாவியையும் கேட்டு வாங்குங்கள். எல்லாச் சாவியும் தொலைந்த நிலையில் புதிதாக ஒன்றைப் பதிவு செய்வது, ஒரு சாவி கையில் இருக்கும்போது செய்வதைவிட எத்தனையோ மடங்கு இழுபறி. காரின் கணினியில் எத்தனை சாவிகள் பதிவாகியிருக்கின்றன என்பதையும் ஸ்கேனரில் பார்க்கச் சொல்லுங்கள். கைக்கு வந்ததைவிட ஒன்று கூடுதலாக இருந்தால், பணம் கொடுப்பதற்கு முன்பே அதை அழிக்கச் சொல்லிவிடுங்கள்.