50 பைசா தபால் கார்டு: ஊரடங்குக் கால ஓவியத் தாளாக ஒரு மதிப்பீடு

2020 மார்ச் 25 அன்று கொரோனா ஊரடங்கு தொடங்கியதும் ஸ்டேஷனரிக் கடைகள் மூடின. அத்தியாவசியம் அல்லாத பொருள்களை ஆன்லைனில் விற்கவும் மே மாதத் தொடக்கம் வரை தடை இருந்தது. மனசு ஓயாமல் அலைந்த நாட்களில், ஏதாவது வரையலாம் என்று உட்கார்ந்த பலரிடம் நல்ல தாளே இல்லை. அஞ்சல் சேவை அத்தியாவசியப் பட்டியலில் இருந்ததால் தபால் நிலையங்கள் திறந்திருந்தன. அங்கே 50 பைசாவுக்குத் தபால்தலை அச்சிட்ட கனத்த தாள் ஒன்று கிடைத்தது. 14 செ.மீ. நீளம், 9 செ.மீ. அகலம், வெளிர் மஞ்சள் நிறம். அந்தக் கார்டு ஓவியம் வரைய எவ்வளவு தாங்கும், வரைந்ததை அனுப்ப எவ்வளவு உதவும் என்பதே இங்கே பேச்சு.

அதன் முதல் பலம் அளவுதான். பதற்றத்தில் இருப்பவரிடம் பெரிய வெள்ளைத் தாளைக் கொடுத்தால் பதற்றம் கூடும். கார்டை ஒரே அமர்வில் முடித்துவிடலாம், முக்கால் மணி நேரம் தாராளம். அமெரிக்காவின் டிரெக்சல் பல்கலைக்கழகத்தில் கிரிஜா கைமல் குழுவினர் 2016இல் வெளியிட்ட ஆய்வில் 39 பேரை 45 நிமிடம் விருப்பம்போல் கலைவேலை செய்யவைத்து, முன்னும் பின்னும் உமிழ்நீரில் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனை அளந்தார்கள். ஏறத்தாழ 75 சதவீதம் பேருக்கு அளவு குறைந்தது. முன்பு வரைந்து பழகியவரா, புதியவரா என்பது முடிவைப் பெரிதாக மாற்றவில்லை. சிறிய ஆய்வுதான், ஆனாலும் "எனக்கு வரைய வராதே" என்று தயங்குபவருக்குச் சொல்ல வேண்டிய செய்தி.

இரண்டாவது பலம், இந்தத் தாள் பிறக்கும்போதே யாரோ ஒருவருக்கானது. வரைந்து முடித்தால் விலாசம் எழுத வேண்டியதுதான் பாக்கி. நோட்டில் வரைந்த படம் நோட்டுக்குள்ளேயே தங்கிவிடும். கார்டில் வரைந்தது வீட்டை விட்டுப் போகும். ஸ்மார்ட்போன் இல்லாத பாட்டிக்கும் போய்ச் சேரும்.

இனி குறைகள். இது எழுதுவதற்கான அட்டை, ஓவியத் தாள் அல்ல. தண்ணீர் பட்டால் நார் எழும்பும், ஓரம் சுருளும். ஜெல் பேனா மை காயத் தாமதமாகும், கை பட்டால் இழுபடும். ஃபவுண்டன் பேனா மை கசிந்து கோடு தடிக்கும். இதில் எல்லாவற்றையும்விட நன்றாக ஓடுவது சாதாரண நீலப் பால்பாயிண்ட் பேனா. எண்ணெய் சார்ந்த மை என்பதால் நாருக்குள் பரவாது. பேனாவை அழுத்தாமல், இணைகோடுகளை ஒன்றின்மேல் ஒன்றாகக் குறுக்கே போட்டு நிழலைக் கட்டுங்கள். அழுத்தினால் பின்பக்கம் தடம் விழும், விலாசம் எழுதும் இடம் மேடு பள்ளமாகும். நுனியில் திரளும் மையை அவ்வப்போது கந்தல் துணியில் துடைக்காவிட்டால் முகம் வரையும்போதுதான் பொட்டு விழும்.

கலர் பென்சிலும் நன்றாகப் பிடிக்கும். ஆனால் அடித்தாளின் மஞ்சளை மறக்காதீர்கள். வெளிர் நீலத்தை லேசாகத் தேய்த்தால் பச்சை சாயும், வானம் வானமாக இருக்காது. மஞ்சளோடு சண்டை போடாத பழுப்பு, கருஞ்சிவப்பு, இலைப்பச்சை, அடர்நீலம் ஆகியவற்றைத் தேர்ந்தெடுத்தால் படம் தானாகவே ஒத்திசையும். ஆயில் பேஸ்டல், மெழுகுக் கிரேயான் இரண்டும் வேண்டாம். தபால் பைக்குள் உரசி நம் படமும் கெடும், அடுத்தவர் கடிதத்திலும் கறை ஏறும். போஸ்டர் கலர் மஞ்சளை மறைக்கும். ஆனால் தடித்துப் பூசினால் கார்டு வளையும் இடத்தில் வெடித்து உதிரும். தயிர்ப் பதத்தில் அல்ல, மோர்ப் பதத்தில் இரண்டு முறை பூசுவதே சரி.

வண்ணம் எதுவும் இல்லாத வீட்டில் இன்ஸ்டன்ட் காபித்தூள் போதும். ஒரு தேக்கரண்டித் தூளுக்கு இரண்டு தேக்கரண்டி வெந்நீர் விட்டால் அடர்பழுப்பு. அதிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் கலந்து நான்கைந்து நிறத்தரம் எடுக்கலாம். சர்க்கரையோ பாலோ கலந்திருக்கக் கூடாது, எறும்பு வரும், பூஞ்சை பிடிக்கும். ஒரே இடத்தில் கெட்டியாகப் பூசினால் ஈரக்காற்றில் பிசுபிசுக்கும், இன்னொரு காகிதத்தோடு ஒட்டிக்கொள்ளும். மஞ்சள்தூளும் உடனே கண்ணைப் பறிக்கும், ஆனால் வெயில் பட்டால் வெளுத்துவிடும். சுண்ணாம்பு ஒரு துளி சேர்த்தால் சிவக்கும். அதுவும் நிலைக்காது. சுவரில் மாட்டி வைக்க வேண்டிய படத்துக்கு இவற்றை நம்ப வேண்டாம்.

வாட்டர்கலர்தான் வேண்டும் என்பவர்கள் கார்டின் நான்கு ஓரத்தையும் மாஸ்கிங் டேப்பால் பலகையில் ஒட்டிவிட்டு, தூரிகையைத் துணியில் ஒற்றி, ஏறக்குறைய உலர்ந்த நிலையில் பூச வேண்டும். டேப்பை முதலில் சட்டைத்துணியில் ஒருமுறை ஒட்டி எடுத்துப் பசையைக் குறைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் உரிக்கும்போது தாளின் மேல்தோலும் சேர்ந்து வரும். முழுக்கக் காய்ந்த பிறகே உரிக்கலாம், அதுவும் படத்துக்கு வெளிப்பக்கமாக. வளைந்துவிட்டால், விலாசம் எழுதுவதற்கு முன்பே, பின்பக்கத்தில் ஈரத்துணியால் மெல்ல ஒற்றி, இரண்டு வெள்ளைத் தாள்களுக்கு நடுவே வைத்துக் கனமான புத்தகங்களை ஓர் இரவு ஏற்றி வையுங்கள். அச்சிட்ட தபால்தலை மேல் ஈரம் படக் கூடாது.

நனைத்து நனைத்து வரையும் ஆசை இருந்தால் மஞ்சள் கார்டை விட்டுவிடுவது நல்லது. புதுச்சேரி ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தின் கைக்காகிதத் தொழிற்சாலையில் செய்யும் பருத்தித்தாள் போன்றவற்றை வாங்கி நீங்களே வெட்டிக்கொள்ளுங்கள். ஏ4 தாளை நான்காக வெட்டினால் 14.8 x 10.5 செ.மீ. வரும். அஞ்சலட்டைக்குப் பல நாடுகளில் பழகிய அளவு அது. 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) தாளில் அப்படி வெட்டிய ஓர் அட்டை ஏறக்குறைய 4.7 கிராம். மூன்றை மெல்லிய உறையில் போட்டால் 20 கிராமுக்குள் அடங்கும், 2020இல் அதற்கு 5 ரூபாய்த் தபால்தலை. ஐந்து அட்டைகளைத் திணித்தால் எடை தாண்டி, வாங்குபவர் தலையில் கூடுதல் கட்டணம் விழும். துணி, இலை, பொத்தான் ஒட்டிய படங்களையும் உறையில்தான் அனுப்ப வேண்டும். வெறும் கார்டில் ஒட்டினால் வழியிலேயே பிய்ந்துபோகும்.

விலாசப் பக்கத்தில் வலது பாதி தபால்காரருக்குரியது, அதில் ஒரு பூ கூட வேண்டாம். இடது பாதியில் நாலு வரி எழுதலாம். என்ன வரைந்தோம், எந்த ஜன்னலிலிருந்து பார்த்தோம் என்று இரண்டு வரி இருந்தாலே படம் கூடுதலாகப் பேசும். ஆறு இலக்க பின்கோடைக் கட்டத்துக்குள் பால்பாயிண்டிலேயே எழுதுங்கள், மழையில் கரையாது. முத்திரை மை படத்தின்மேலும் ஒட்டலாம், அதற்கு மனதைத் தயார்ப்படுத்திக்கொள்ள வேண்டும்.

அன்று பலர் பயந்தது காகிதம் வழியாகத் தொற்று வருமோ என்று. அட்டையில் 24 மணி நேரத்துக்குப் பிறகு உயிருள்ள வைரஸ் காணப்படவில்லை என்று 2020 மார்ச்சில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வெளியான ஆய்வு காட்டியது. பயணிகள் ரயில்கள் நின்றிருந்த காலத்தில் கார்டு ஒரே நாளில் வந்துசேரும் வாய்ப்பும் இல்லை. உண்மையான சிக்கல் வேறு: சாதாரணத் தபாலுக்குக் கண்காணிப்பு எண் கிடையாது, தொலைந்தால் தொலைந்ததுதான். அதனால் போடுவதற்கு முன் ஜன்னலோர நிழலில், ஃபிளாஷ் இல்லாமல், போனைக் கார்டுக்கு நேர் மேலே பிடித்து ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் பகிர்வதானால் டாக்குமென்ட் ஆக அனுப்புங்கள், சாதாரணமாக அனுப்பினால் சுருங்கி மெல்லிய கோடுகள் கலங்கிவிடும்.

தனித்திருப்பவருக்கு அனுப்ப நாங்கள் பரிந்துரைப்பது பாதிக் கார்டு. படத்தின் இடது பாதியை மட்டும் வரைந்து, மற்றதைக் காலியாக விட்டு, விலாசப் பக்கத்தில் உங்கள் விலாசத்தையே எழுதிவிடுங்கள். ஒரு பால்பாயிண்ட் ரீஃபிலோடு உறையில் போட்டு அனுப்பினால், வாங்குபவர் மீதியை முடித்து அப்படியே தபால் பெட்டியில் போட்டுவிடலாம். பார்த்து ரசிப்பவராக மட்டும் இல்லாமல் அவரும் வரைபவராகிறார். குழந்தைகளுக்கு அனுப்புவதானால் கோடுகளைக் காலிப் பாதியின் விளிம்பு வரை இழுத்து நிறுத்துங்கள், எங்கே தொடர வேண்டும் என்பது புரியும். பெரியவர்களுக்கு ஒரு தெரு, ஒரு மரம் போன்ற தெரிந்த காட்சி போதும். முகத்தை மட்டும் பாதியாக விடாதீர்கள், வரையப் பழகாதவர் அங்கேயே நின்றுவிடுவார்.

பேனாவும் பென்சிலும் வைத்திருப்பவர் மஞ்சள் கார்டில் பத்து வாங்கிவைக்கலாம். வாட்டர்கலர் பழகியவருக்குக் கைக்காகிதமும் உறையும்தான் பொருந்தும்.