எங்கள் ஊர் பழைய கார் சங்கம்: சந்தாவுக்கு என்ன கிடைக்கிறது?

அப்பாவோ தாத்தாவோ விட்டுச் சென்ற ஃபியட்டோ அம்பாசடரோ வீட்டு ஓரத்தில் தார்ப்பாய் போர்த்திக் கிடக்கிறது. ஓட்ட ஆசை இருக்கிறது, யாரிடம் போவது என்று தெரியவில்லை. புதுச்சேரியிலும் கடலூரிலும் இப்படி இருப்பவர்கள் என்னைப் பார்த்தால் கேட்பது ஒன்றுதான்: "டீச்சர், அந்தப் பழைய கார் சங்கத்தில் சேரலாமா? கட்டுகிற காசுக்குப் பிரயோஜனம் உண்டா?"

சேரலாம். சந்தா கட்டிவிட்டு வீட்டில் இருந்தால் கண்ணாடியில் ஒட்ட ஒரு ஸ்டிக்கர் கிடைக்கும். மாதக் கூட்டத்துக்கு வந்து கையில் கிரீஸ் படிய நின்றால் உங்கள் வண்டியே உங்களுக்குத் திரும்பக் கிடைக்கும். எனக்குக் கிடைத்தது.

நான் கடலூரில் அரசுப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். இப்போது லாஸ்பேட்டையில் இருக்கிறேன். என்னிடம் இருப்பது அப்பாவின் 1973 பிரீமியர் பிரசிடென்ட். பத்மினி என்று எல்லோரும் அறிந்த அதே கார்தான். 1974இல் அந்தப் பெயர் வருவதற்கு முன்னால் கொஞ்ச காலம் பிரசிடென்ட் என்ற பெயரில் விற்றார்கள். 1089 சிசி என்ஜின், ஸ்டியரிங் பக்கத்திலேயே கியர் ராடு. அப்பா போன பிறகு பல வருஷம் அது ஷெட்டை விட்டு நகரவில்லை. விற்றுவிடு என்று சொல்லாத சொந்தக்காரர்கள் கிடையாது.

சங்கம் கூடுவது மாதத்தின் முதல் ஞாயிறு காலை, கிருமாம்பாக்கம் பக்கம் உறுப்பினர் ஒருவரின் தென்னந்தோப்பில். கடலூர்க்காரர்களுக்கும் புதுச்சேரிக்காரர்களுக்கும் நடுவில் என்பதால் அந்த இடம். கடலூரிலிருந்து வருகிறவர்கள் எல்லை தாண்டி கன்னியக்கோயிலில் டேங்கை நிரப்பிக்கொண்டு வருவார்கள், இந்தப் பக்கம் பெட்ரோல் விலை குறைவு. புதுச்சேரி என்றதும் பிரெஞ்சுக்காரர் காலத்து சிட்ரோயன், பெஜோ எல்லாம் நிற்கும் என்று எதிர்பார்த்து வராதீர்கள். பெரும்பாலும் அம்பாசடர், ஃபியட், சில ஜீப்புகள், மஞ்சக்குப்பத்திலிருந்து வரும் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு. அந்த ஹெரால்டு நம்ம வண்டலூர்ப் பக்கத் தொழிற்சாலையில் செய்தது. பானெட்டைத் திறந்தால் இரண்டு பக்க மட்கார்டும் சேர்ந்து முன்பக்கமாகக் கவிழும். என்ஜின், முன் சக்கரம், ஸ்டியரிங் ராடு எல்லாம் ஒரே பார்வையில் தெரியும். பிள்ளைகளுக்குக் கார் எப்படி வேலை செய்கிறது என்று காட்ட அதைவிட நல்ல வண்டி கிடையாது. பள்ளியில் இருக்கும்போதே எனக்கு அது கையில் கிடைத்திருக்கக் கூடாதா என்று பல முறை நினைத்திருக்கிறேன்.

மாதக் கூட்டத்தின் உயிர் "ஒரு பானெட்" என்று நாங்கள் சொல்லும் வழக்கம். ஒவ்வொரு மாதமும் ஒரே ஒரு வண்டியின் பானெட்டைத் திறப்போம். அந்த வண்டியின் தொந்தரவு என்ன என்பதைச் சொந்தக்காரர்தான் சொல்ல வேண்டும். மெக்கானிக் சும்மா நிற்பார், சுற்றி நிற்பவர்கள்தான் யோசிக்க வேண்டும், கை வைக்க வேண்டும். தப்பாகப் போனால் மட்டும் அவர் வாய் திறப்பார். பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டெல்கோவின் மூடியைக் கழற்றி பாயிண்ட் இடைவெளி பார்ப்பது, கண்டன்சர் மாற்றுவது, கார்புரேட்டரைப் பிரித்து ஜெட்டை ஊதிச் சுத்தம் செய்வது எல்லாம் இங்கேதான் கற்றேன். அதற்கு முன் ஒரு பட்டறையில் விட்டபோது, என்ன செய்தோம் என்று ஒரு வார்த்தை சொல்லாமல் ஒரு துண்டுச் சீட்டில் தொகையை மட்டும் எழுதிக் கொடுத்தார்கள். தோப்பில் அப்படி நடக்காது. கேள்வி கேட்டால் சந்தோஷப்படுவார்கள்.

என் வண்டியின் முறை வந்தபோது நான் சொன்ன புகார் இது: நல்ல வெயிலில் ஓடி வந்து நிறுத்திவிட்டு, கொஞ்ச நேரம் கழித்துச் செல்ஃப் அடித்தால் பிடிக்காது. ஒரு தம்பி பிளக் என்றார், இன்னொருவர் பேட்டரி என்றார். பெட்ரோல் பம்ப்பின் மேல் ஈரத் துணியைப் போட்டுப் பார்க்கலாம் என்றார் ஒரு பெரியவர். போட்டோம், பிடித்தது. பிறகு ஏன் என்று எல்லோருக்கும் விளங்கும்படி பேசினோம். இந்தக் கார்களில் பம்ப் என்ஜினின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. வண்டி ஓடும்போது ஃபேன் காற்றும் புதிதாக வரும் பெட்ரோலும் அதைக் குளிர வைக்கின்றன. நிறுத்தியதும் இரண்டும் நின்றுவிடும், என்ஜின் சூடு முழுக்க பம்ப்புக்கும் குழாய்க்கும் ஏறும், உள்ளே பெட்ரோல் ஆவியாகிவிடும். பம்ப் திரவத்தைத் தள்ளச் செய்தது, ஆவியை அதனால் தள்ள முடியாது. அன்றைக்கே குழாயை என்ஜினிலிருந்து விலக்கி வளைத்துக் கட்டி, சூடு தாங்கும் உறை போட்டார்கள். அடுத்த சித்திரை வெயிலில் சங்கப் பயணத்தில் செஞ்சி வரை, சுமார் 70 கிலோமீட்டர், போய்வந்தேன். ஒரு இடத்தில்கூட அது மறுக்கவில்லை.

எத்தனால் கலந்த பெட்ரோல் விஷயத்திலும் சங்கம் உருப்படியாக வேலை செய்தது. 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வர ஆரம்பித்ததும் பழைய வண்டிக்காரர்கள் எல்லோருக்கும் கவலை. எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் ஹோஸை ஊறவைத்து இளக்கும். கார்புரேட்டர் வாஷர், பம்ப்பின் டயாஃப்ரம் எல்லாம் அந்தக் காலத்து ரப்பர். உறுப்பினர்கள் சேர்ந்து எத்தனாலைத் தாங்கும் ஹோஸை மொத்தமாக வாங்கி, தோப்பிலேயே ஒவ்வொரு வண்டிக்கும் வெட்டி மாட்டினோம். மாதக்கணக்கில் ஓட்டாமல் வைப்பதாக இருந்தால் டேங்கில் பெட்ரோலை விட்டுவைக்காதீர்கள் என்பது அன்று எல்லோரும் ஒத்துக்கொண்ட பாடம்.

கடல் காற்று எங்களுக்குத் தனித் தலைவலி. கடலிலிருந்து தள்ளி இருக்கும் ஊர்களின் வண்டிகளை விட இங்கே இருக்கிற வண்டிகளின் அடித்தகடு சீக்கிரம் போகும். கதவின் அடியில் தண்ணீர் வடிய வைத்திருக்கும் சின்ன ஓட்டைகளை ஈர்க்குச்சியால் குத்திச் சுத்தம் செய்ய வேண்டும் என்று எனக்குச் சொன்னவர் ஒரு டிங்கர். அந்த ஒரு வேலையைச் செய்தாலே கதவு பல வருஷம் கூடுதலாக நிற்கும். யாரும் இதைக் காசு வாங்கிக்கொண்டு சொல்லித்தர மாட்டார்கள்.

இந்தச் சங்கத்தின் மேல் எனக்குள்ள மரியாதைக்கு முக்கியக் காரணம் 2024 ஃபெஞ்சல் புயல். நவம்பர் 30 அன்று புதுச்சேரிக்கு அருகில் கரை கடந்து, ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்தது. அடுத்து சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணையில் வெள்ளம், கடலூர்ப் பக்கமும் மூழ்கியது. ரெயின்போ நகரில் எங்கள் உறுப்பினர் ஒருவரின் மார்க் 4 அம்பாசடர் சீட்டுக்கு மேல் தண்ணீரில் நின்றது. எல்லோரும் பாய் என்று கூப்பிடும் முத்தியால்பேட்டை மெக்கானிக் மழை விடுவதற்கு முன்பே ஒவ்வொருவருக்கும் போன் செய்தார். எனக்குச் சொன்னது இதுதான்: "டீச்சர், தண்ணி வடிஞ்சதும் ஆசையில செல்ஃப் அடிச்சிடாதீங்க. பேட்டரி வயரைக் கழட்டிட்டு அப்படியே விடுங்க, நான் வரேன்."

அவர் சொன்னது எவ்வளவு பெரிய விஷயம் என்பது பலருக்குத் தெரியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது என்ஜினைச் சுழற்றினால், தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராடுதான் வளையும். ரெயின்போ நகர் வண்டிக்கு ஏழெட்டுப் பேர் போனோம். ஆயில் டிரெயின் நட்டைத் திறந்தால் முதலில் தண்ணீர் வந்தது, பிறகுதான் ஆயில். கியர் பாக்ஸ், டிஃபரென்ஷியல் ஆயிலையும் இறக்கினார்கள். பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் ஆயில் விட்டு ஊறவைத்து, மறுநாள் ஹேண்டிலைப் போட்டுக் கையால் மெதுவாகச் சுற்றினார்கள். பிரேக் டிரம்மைத் திறந்து துடைத்தார்கள், சக்கர பேரிங்கில் பழைய கிரீஸை வழித்துப் புதிது போட்டார்கள். சீட், மேட் எல்லாவற்றையும் வெளியே எடுத்துக் காய வைத்தது நானும் இரண்டு கல்லூரிப் பிள்ளைகளும். புது ஆயில் ஊற்றிக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, அதையும் இறக்கிவிட்டு மறுபடி ஊற்றினார்கள். வண்டி பிழைத்தது. வந்தவர்கள் ஒருவர் கூலி வாங்கவில்லை, பாய்க்கு மட்டும் வற்புறுத்திக் கொடுத்தோம். அவர் வீட்டுக்குள்ளும் அந்த வாரம் தண்ணீர் நின்றிருந்தது.

இனி என் குறையைச் சொல்ல வேண்டும்.

அந்த பாய் இந்தச் சங்கத்தின் உறுப்பினர் கிடையாது. விதிப்படி பழைய கார் சொந்தமாக வைத்திருப்பவர்தான் உறுப்பினர். பாதி வண்டிகளை ஓட வைக்கும் மெக்கானிக்குக்கும், ஈர்க்குச்சி வித்தை சொன்ன டிங்கருக்கும், சென்னைப் புதுப்பேட்டை உதிரிபாகக் கடைகளிலும் கிடைக்காத புஷ்ஷைக் கடலூர் லேத்தில் கடைந்து தருபவருக்கும் பொதுக்குழுவில் ஓட்டு இல்லை. ஆனால் மூன்று கார் வைத்துக்கொண்டு, வருஷத்துக்கு ஒரு தரம் கண்காட்சிக்கு மட்டும் டிரைவரிடம் கொடுத்தனுப்பும் ஒருவருக்கு உண்டு. இது சரியில்லை. சங்கம் என்பது கூடி வேலை செய்கிறவர்களின் பெயரில் இருக்க வேண்டும்.

ஆண்டுக் கண்காட்சியிலும் இதே கோளாறுதான். கடற்கரைச் சாலையில் மாலை 6 முதல் காலை 7.30 வரை வண்டிகளுக்கு அனுமதி இல்லாததால் அணிவகுப்பு அதற்குப் பிறகுதான் கிளம்பும். வண்டிகளைப் பளபளவென்று துடைத்து, வரிசையாக நிறுத்தி, கயிறு கட்டி, விருந்தினருக்கு நாற்காலி போட்டு, பேச்சு, பொன்னாடை என்று நேரம் போகும். கயிற்றுக்கு வெளியே நிற்கும் பிள்ளைகள் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். கயிறு கட்டுவது, தண்ணீர் கேன் தூக்குவது, வண்டிகளுக்கு வழிகாட்டுவது எல்லாம் எப்போதும் அதே ஐந்தாறு பேர். படம் எடுத்துக்கொள்ள வருகிறவர்களில் பாதிப் பேராவது மறுநாள் நாற்காலிகளைத் திருப்பிக் கொடுக்க வந்தால் நன்றாக இருக்கும்.

பெண்கள் விஷயத்தில் கொஞ்சம் மாறியிருக்கிறது. முன்பெல்லாம் வீட்டுப் பெண்கள் டிபன் பரிமாறத்தான் தோப்புக்கு வருவார்கள். செஞ்சிப் பயணத்தில் நான் ஓட்டியதைப் பார்த்த பிறகு, அப்பாவின் வண்டியை நானே ஓட்டுகிறேன் என்று இரண்டு பெண்கள் முன்வந்தார்கள். செயலாளர் மறுபேச்சு இல்லாமல் அவர்களை முதல் வண்டிகளில் விட்டார். அதற்காக அவருக்கு நன்றி.

பயணங்களை நடத்தும் விதத்துக்கு முழு மதிப்பெண் கொடுப்பேன். மெதுவாக ஓடும் வண்டிதான் முன்னால் போகும். கடைசியில் ஒரு வேன். அதில் மெக்கானிக், பாயிண்ட் செட், ஃபேன் பெல்ட், டியூப், தண்ணீர். யாராவது நின்றால் எல்லோரும் நிற்பார்கள்.

காகித வேலைக்கும் உதவி கிடைக்கிறது. 2021 ஜூலையில் வந்த மத்திய அரசின் விதிப்படி, 50 வருஷத்துக்கு மேல் ஆகி, முதலில் இருந்த உருவத்திலேயே பராமரிக்கப்படும் வண்டியை விண்டேஜ் என்று பதியலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 வருஷம் செல்லும், பிறகு புதுப்பிக்க 5,000. அப்படிப் பதிந்தால் கண்காட்சி, அணிவகுப்பு, பழுதுபார்ப்பு, பெட்ரோல் போடுவது மாதிரி வேலைகளுக்குத்தான் சாலையில் எடுக்கலாம், தினசரி ஓட்ட முடியாது. நான் வாரம் ஒரு முறையாவது காய்கறி வாங்க என் வண்டியில்தான் போகிறேன், அதனால் பழைய பதிவையே புதுப்பித்துக்கொண்டு போகிறேன். இந்த வித்தியாசத்தை மனுப் படிவத்தோடு உட்கார்ந்து எனக்கு விளக்கியவர் ஒரு சக உறுப்பினர். ஏஜென்டுக்கு ஒரு ரூபாய் கொடுக்கவில்லை.

ஆண்டுச் சந்தா, ஒரு தரம் டேங்கை நிரப்பும் காசுக்குள் அடங்கிவிடும். ஐந்துக்கு நான்கு தருகிறேன். மெக்கானிக், டிங்கர், பெயின்டர், லேத்துக்காரர் எல்லோரையும் ஓட்டுரிமையோடு உறுப்பினராக்க வேண்டும் என்று ஒரு தீர்மானம் எழுதி, கையெழுத்து வாங்கிக் கொடுத்திருக்கிறேன். அடுத்த பொதுக்குழுவில் எடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். நிறைவேறினால் ஐந்தாவதையும் சேர்த்துவிடுவேன்.

வருகிறவர்கள் காலை 7 மணிக்குள் வந்துவிடுங்கள், வெயில் ஏறினால் பானெட் பக்கம் நிற்க முடியாது. அழுக்கானாலும் பரவாயில்லை என்கிற உடுப்பு போட்டுக்கொள்ளுங்கள். கார் இல்லாவிட்டாலும் வரலாம், வாசலில் யாரும் ஆர்சி புக் கேட்பதில்லை. ஐடிஐயில் மெக்கானிக் படிக்கும் பையனோ பெண்ணோ வீட்டில் இருந்தால் கட்டாயம் கூட்டிக்கொண்டு வாருங்கள், பாய் பக்கத்தில் நிற்க வைக்கிறேன்.