சத்தத்தைக் கேட்ட பிறகே ஸ்பானரை எடுக்கும் பட்டறை

என்னிடம் இருப்பது 2009-ஆம் ஆண்டு ஆல்டோ. பள்ளியில் இயற்பியல் நடத்திக்கொண்டிருந்த காலத்தில் கடன் போட்டு வாங்கியது. கடனும் தீர்ந்தது, வேலையும் முடிந்தது, வண்டி மட்டும் இன்னும் ஓடுகிறது. போன ஆவணியில் அது இடப்பக்கம் திரும்பும்போதெல்லாம் ‘டக், டக், டக்’ என்று சொடக்குப் போடத் தொடங்கியது. நேராகப் போனால் சத்தமே இல்லை.

முதலில், கண்ணாடிக் கதவும் குளிரூட்டிய வரவேற்பறையும் உள்ள ஒரு பெரிய சர்வீஸ் நிலையத்தில் காட்டினேன். ஒரு மணி நேரம் கழித்து ஒரு தாள் வந்தது. ஷாக் அப்சார்பர் இரண்டு, லோயர் ஆர்ம் இரண்டு, ஸ்டியரிங் ராக் ஒன்று. 21,000 ரூபாய்க்குச் சற்று மேல். இவற்றில் எது சத்தம் போடுகிறது என்று கேட்டேன். “எல்லாமே தேய்ந்திருக்கிறது, சார்” என்றார்கள். கேள்விக்கு விடை தெரியாமல் பாடம் முழுவதையும் எழுதிவைக்கும் பையன்களை முப்பது வருடம் திருத்தியவன் நான். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

பக்கத்து வீட்டு ஆட்டோக்காரர் சொல்லித்தான் மதுரை பழங்காநத்தத்தில் இருக்கும் இந்தப் பட்டறைக்குப் போனேன். பெயர்ப்பலகை கிடையாது. தகரக் கூரை, வாசலில் ஒரு வேப்ப மரம், அதன் கீழே பஞ்சு பிதுங்கிய பழைய கார் சீட் ஒன்று. மெக்கானிக்குக்கு நாற்பது வயது இருக்கும். பானட்டைத் திறக்கவே இல்லை. என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து கண்ணாடியை இறக்கச் சொன்னார். எதிரே இருந்த காலி மனையில், ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாக வட்டம் போடச் சொன்னார். இடப்பக்கம் இரண்டு சுற்று, வலப்பக்கம் இரண்டு சுற்று. “வலது சக்கரம், வெளிப்பக்க ஜாயின்ட்” என்றார்.

இறங்கி, சக்கரத்துக்குப் பின்னால் டார்ச் அடித்துக் காட்டினார். ஆக்சில் நுனியில் மடிப்பு மடிப்பாக இருக்கும் ரப்பர் பூட் கிழிந்து வாய் பிளந்திருந்தது. ரிம்மின் உட்புறம் முழுவதும் கறுப்புக் கிரீஸ் தெறித்திருந்தது. கிரீஸ் வெளியே வந்த வழியாகவே மண்ணும் தண்ணீரும் உள்ளே போயிருக்கின்றன.

கழற்றிய ஜாயின்ட்டை, அதாவது ஆக்சிலின் சுழற்சியைச் சக்கரத்துக்குச் சீரான வேகத்தில் கடத்தும் சி.வி. (கான்ஸ்டன்ட் வெலாசிட்டி) ஜாயின்ட்டை, மண்ணெண்ணெயில் கழுவி என் கையில் கொடுத்தார். கிண்ணம் போன்ற ஒரு கூடு, அதற்குள் ஆறு எஃகுக் குண்டுகள், குண்டுகள் ஓட ஆறு பள்ளங்கள். பள்ளத்தில் விரலை வைத்து ஓட்டிப் பார்த்தேன். ஓரிடத்தில் நகம் இடறியது. திரும்பும்போது குண்டு அந்தக் குழியில் விழுந்து ஏறுவதுதான் அந்தச் சொடக்கு. முன்சக்கரங்கள் வண்டியை இழுக்கவும் வேண்டும், திரும்பவும் வேண்டும். இரண்டு தண்டுகளை இணைக்கும் சாதாரண யுனிவர்சல் ஜாயின்ட்டைக் கோணத்தில் சுற்றினால் ஒவ்வொரு சுற்றிலும் வேகம் இருமுறை ஏறி இறங்கும். இந்தக் குண்டுகள் இருப்பதால்தான் எந்தக் கோணத்திலும் வேகம் ஒரே சீராகப் போகிறது. 1959-இல் வந்த மினி காரிலேயே இந்த ஏற்பாடு இருந்தது. வகுப்பில் இதைக் கரும்பலகையில் வரைந்து காட்டியிருக்கிறேன். கையில் பிடித்துப் பார்த்தது அன்றுதான்.

ஜாயின்ட், பூட், கிரீஸ், கூலி எல்லாம் சேர்த்து 2,650 ரூபாய். பூட் கிழிந்த உடனேயே வந்திருந்தால் ரப்பரையும் கிரீஸையும் மட்டும் மாற்றி அனுப்பியிருப்பாராம். ஷாக் அப்சார்பரைப் பற்றிக் கேட்டேன். எண்ணெய்க் கசிவு இல்லை என்று துடைத்துக் காட்டி, இன்னும் ஒரு வருடம் ஓட்டலாம் என்றார்.

இரண்டாவது முறை போனது கார்த்திகையில். சாலையில் ஓடும்போது வெப்பமானி ஒழுங்காக இருக்கும். கோரிப்பாளையம் சிக்னலில் நின்றால் முள் மேலே ஏறும். ஓடும் வண்டிக்குக் காற்றே ரேடியேட்டரைக் குளிர்விக்கும், நிற்கும் வண்டிக்கு மின்விசிறிதான் கதி என்பது எனக்கும் தெரியும். விசிறி மோட்டார் எரிந்துவிட்டது என்று முடிவுகட்டிக்கொண்டே போனேன். அவர் பாட்டரியிலிருந்து இரண்டு ஒயரை நேராக மோட்டாருக்குக் கொடுத்தார், விசிறி சுழன்றது. ஃபியூஸைப் பார்த்தார், நன்றாக இருந்தது. விசிறிக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் ஸ்விட்சான ரிலேயைப் பிடுங்கி வேறொன்றைச் செருகினார், வேலை முடிந்தது. 180 ரூபாய். அதற்கிடையில் நான் ரேடியேட்டர் மூடியில் கைவைக்கப் போக, “வாத்தியார் சார், குக்கர் விசில் அடங்காமல் மூடியைத் திறப்பீர்களா?” என்று ஒரு அதட்டல். அழுத்தம் கூடினால் கொதிநிலை உயரும் என்பதை எனக்கே பாடமாக எடுத்துவிட்டார் தம்பி.

குறைகளும் இருக்கின்றன. முறையான பில் தர மாட்டார். சிகரெட் அட்டையின் பின்புறத்தில் கூட்டிக் காட்டுவார். வண்டிக்கு அடியில் படுத்திருந்தால் கைப்பேசியை எடுக்க மாட்டார். ஏசி வேலை, வீல் அலைன்மென்ட் எதுவும் இங்கே கிடையாது. வேறு இடத்துக்கு அனுப்பிவிடுவார். எல்லாவற்றையும்விட, சொன்ன நாளில் வண்டி வராது. முதல் முறை வியாழக்கிழமை என்றார், சனிக்கிழமை மாலைதான் கொடுத்தார். அந்த இரண்டு நாளும் டவுன் பஸ்ஸில் இடிபட்டபோது அவர்மேல் எனக்கு நல்ல எண்ணம் இருந்ததாகச் சொல்ல முடியாது. ஆனால் மாற்றிய பழைய சாமானை ஒவ்வொரு முறையும் கேட்காமலேயே எடுத்துக் காட்டுகிறார். தேய்ந்த அந்த ஜாயின்ட் இப்போது என் மேசையில் காகிதங்கள் பறக்காமல் பார்த்துக்கொள்கிறது.

வண்டி 97,400 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. எஞ்சின் வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைக்கும் டைமிங் பெல்ட்டை ஒரு லட்சத்துக்குள் மாற்றிவிட வேண்டும், நடுவழியில் அறுந்தால் எஞ்சின் அங்கேயே நின்றுவிடும் என்று சொல்லியிருக்கிறார். எப்போது விடலாம் என்று நேற்றுக் கேட்டேன். திங்கட்கிழமை விட்டால் வியாழக்கிழமை எடுத்துக்கொள்ளலாம் என்றார். நாட்காட்டியில் சனிக்கிழமையைச் சுழித்து வைத்திருக்கிறேன்.