அம்பாசடருக்கு எம்ஜிபி ராக்கர்: ஆவாரம்பாளையத்துப் பட்டறை செய்துகொடுத்த வேலை

எங்கள் வீட்டு அம்பாசடர் 1976ஆம் ஆண்டின் மார்க் 3. ஆனைமலைப் பக்கத்துத் தோப்பிலிருந்து பொள்ளாச்சி மண்டிக்கு என் தகப்பனார் ஓட்டிய வண்டி. இப்போதும் வாரத்துக்கு இரண்டு நாள் அதே சாலையில் ஓடுகிறது. கடந்த ஓராண்டாக அதன் என்ஜினில் டேப்பட் சத்தம் அடங்கவேயில்லை. வால்வுக்கும் அதை அழுத்தித் திறக்கும் ராக்கர் ஆர்முக்கும் நடுவே எத்தனை முறை சரியான இடைவெளி வைத்தாலும் இரண்டே நாளில் தையல் மெஷின் ஓடுவதைப் போன்ற சத்தம் திரும்பிவிடும். அந்தச் சத்தத்தை நிறுத்துவதற்காக எம்ஜிபி என்ற வேறொரு காரின் ராக்கர் ஆர்ம்களை இந்த என்ஜினில் பொருத்திய அனுபவத்தையும், அதை முறையாகச் செய்துகொடுத்த கோவை ஆவாரம்பாளையம் லேத் பட்டறையைப் பற்றிய என் மதிப்பீட்டையும் இங்கே எழுதுகிறேன். அந்தப் பட்டறைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. வாய்வார்த்தையாகக் கேட்டுக்கொண்டுதான் எல்லோரும் போகிறார்கள்.

அம்பாசடரின் 1489 சிசி பெட்ரோல் என்ஜின், பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் பி சீரிஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. கேம் ஷாஃப்ட் கீழே பிளாக்கில் இருக்கிறது. அதன் தள்ளுதலை டேப்பட்டும் புஷ் ராடும் மேலே கொண்டுவர, ராக்கர் ஆர்ம் அதைத் திருப்பி வால்வை அழுத்துகிறது. வால்வுத் தண்டின் நுனியைத் தொடும் ராக்கரின் மூக்கு நாளடைவில் தேய்ந்து, விரல் நகத்தால் தடவினால் தெரியும் அளவுக்குச் சிறு பள்ளம் விழுந்துவிடுகிறது. இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜின் தகடு அந்தப் பள்ளத்துக்குள் இறங்காமல் அதன் இரு கரைகளின்மேல் பாலம்போல நின்றுவிடுவதால், 15 தவ் வைத்ததாக நாம் நினைக்கும் இடத்தில் உண்மையில் 20 தவ்வுக்கு மேல் இருக்கும். தவ் என்று பட்டறைக்காரர்கள் சொல்வது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. என் வண்டியின் சத்தத்துக்கு அதுவே முதற்காரணம் என்பதைத் தெரிந்துகொள்ளவே எனக்கு ஆறு மாதம் ஆயிற்று.

அம்பாசடருக்கென்று கடைகளில் கிடைத்த ராக்கர்கள் இரண்டு செட் வாங்கிப் பார்த்தேன். மூக்கில் போதிய கடினம் இல்லாமல் சீக்கிரமே தேய்ந்தன. அதே பி சீரிஸ் குடும்பத்தின் 1798 சிசி என்ஜினுடன் 1962 முதல் 1980 வரை தயாரான எம்ஜிபி என்னும் பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காருக்கு, அதை விரும்பி வைத்திருப்பவர்கள் ஏராளம் என்பதால், இன்றைக்கும் புதிய உதிரி பாகங்கள் கிடைக்கின்றன. இங்கிலாந்தில் இருக்கும் என் அக்கா மகன் ஊருக்கு வரும்போது எட்டு ராக்கர்கள் கொண்ட ஒரு செட்டைக் கொண்டுவந்து கொடுத்தான். ராக்கர்கள் கோக்கப்பட்டிருக்கும் ஷாஃப்டின் விட்டம் இரண்டு என்ஜினிலும் ஒன்றுதான், அங்குலத்தில் எட்டில் ஐந்து பங்கு. எனவே கழற்றி மாட்டினால் வேலை முடிந்தது என்று நம்பினேன். அந்த நம்பிக்கை தவறு.

முதலில் அந்த வேலையை வேறொரு மெக்கானிக்கிடம் கொடுத்தேன். பி சீரிஸ் என்ஜினில் ராக்கர் ஷாஃப்டைத் தாங்கும் பெடஸ்டல்களைப் பிடித்திருக்கும் நட்டுகளில் நான்கு, வால்வுகள் இருக்கும் மேல்பகுதியான ஹெட்டையும் சேர்த்துப் பிடிக்கும் நட்டுகள். ஆகையால் ரேடியேட்டர் தண்ணீரை வடித்துவிட்டு, ஹெட்டின் எல்லா நட்டுகளையும் வரிசைப்படி கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்திய பிறகே ராக்கர் செட்டைத் தூக்க வேண்டும். அவரோ அந்த நான்கை மட்டும் முழுதாகக் கழற்றினார். ஹெட் ஒரு பக்கமாக இழுபட்டு, அதன் அடியில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட் வழியே சிலிண்டருக்குள் தண்ணீர் இறங்கியது. புது ராக்கர் போட்டும் சத்தம் போகவில்லை. வால்வுத் தண்டு ஏறி இறங்கும் குழல்களான கைடுகள் வேறு ஆட்டம் காணத் தொடங்கின. மனம் நொந்துபோய், ஹெட்டை ராக்கர் செட்டோடு கழற்றி எடுத்துக்கொண்டுதான் ஆவாரம்பாளையத்துக்குப் போனேன்.

பட்டறை மேஸ்திரிக்கு எழுபதை ஒட்டிய வயது. கிணற்று மோட்டார்களுக்கு, ஷாஃப்ட் சுழலும் உள்வளையமான புஷ்ஷைக் கன்மெட்டல் என்னும் வெண்கலத்தில் கடைந்தே காலம் கழித்த கை. நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, வால்வு நுனிகள் எட்டிலும் கறுப்பு மார்க்கர் மையைத் தடவி, புது ராக்கர் ஒன்றை ஷாஃப்டில் ஏற்றி, கையாலேயே வால்வை முழுதாக இறக்கி ஏற்றிக் காட்டினார். மை அழிந்த தடம் நடுவில் இல்லை. ஷாஃப்டுக்கு எதிர்ப்புற விளிம்பு வரை பரவியிருந்தது. “ராக்கர் மேல குத்தமில்லீங்க தம்பி, அது நிக்கற உயரந்தானுங்க குத்தம்” என்றார்.

அவர் விளக்கியது இதுதான். ஐம்பது ஆண்டுகளில் இந்த ஹெட்டில் வால்வுகள் வந்து அமரும் சீட்டுகளை மூன்று முறையாவது வெட்டியிருப்பார்கள். ஒவ்வொரு முறை வெட்டும்போதும் வால்வு ஹெட்டுக்குள் சற்றே புதைந்து, அதன் தண்டு அதே அளவுக்கு மேலே எழும்புகிறது. ஷாஃப்ட் மட்டும் பழைய உயரத்திலேயே நிற்பதால், ராக்கர் மூக்கு அண்ணாந்த நிலையிலேயே வேலையைத் தொடங்கி, வால்வை நேராக அழுத்துவதற்குப் பதிலாக நுனியைத் தேய்த்து வெளிப்பக்கம் தள்ளுகிறது. அந்தப் பக்கவாட்டு இழுப்பைத்தான் கைடு தாங்கித் தேய்கிறது. வால்வு பாதி இறங்கிய நிலையில், ஷாஃப்டின் மையத்திலிருந்து மூக்கு தொடும் புள்ளிக்குப் போகும் கோடு வால்வுத் தண்டுக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும் என்பதே அவருடைய கணக்கு. வால்வு நுனிகளை அரைத்துக் குறைத்துவிடலாமே என்று கேட்டேன். நுனியின் கடினப்பட்ட மேல்தோல் போய்விடும் என்று சொல்லி மறுத்துவிட்டார். அந்த மறுப்புதான் எனக்கு அவர்மேல் முழு நம்பிக்கையை உண்டாக்கியது.

பெடஸ்டல்கள் நான்குக்கும் அடியில் 30 தவ் கனமுள்ள எஃகுத் தகடுகளை, அதாவது ஷிம்களை, வெட்டி வைத்தார். அவற்றில் ஒன்றை மட்டும் தனியே எடுத்துத் துளை போட்டதைக் கண்டு காரணம் கேட்டேன். ஹெட்டிலிருந்து ராக்கர் ஷாஃப்டுக்கு எண்ணெய் ஏறும் வழி ஒரே ஒரு பெடஸ்டலுக்குள் இருக்கிறது. துளையில்லாத ஷிம்மை அங்கே வைத்தால் மேலே ஒரு சொட்டு எண்ணெய் வராது. இணையத்தில் அளவுகளைப் படித்துவிட்டு வீட்டிலேயே ஷிம் வைக்க நினைப்பவர்கள் இந்த ஒரு துளையைக் கட்டாயம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஷிம் வைத்த பின் மறுபடி மை தடவிப் பார்த்தபோது, தடம் ஒரு நெல்மணியின் அகலத்தில் நுனியின் நடுவே விழுந்திருந்தது. நான் அதைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

பழைய ஷாஃப்டை அவர் திருப்பிக் காட்டினார். வால்வு ஸ்பிரிங் ஒருபுறமும் புஷ் ராடு மறுபுறமும் ராக்கரை மேல்நோக்கியே தள்ளுவதால், தேய்மானம் முழுவதும் ஷாஃப்டின் அடிப்பக்கத்தில் படிபடியாக விழுந்திருந்தது. எண்ணெய்த் துளைகளும் அந்த அடிப்பக்கத்தில்தான் இருக்கின்றன. தேய்ந்த பக்கம் மேலே வரும்படி ஷாஃப்டைத் திருப்பிப் போட்டு ஒப்பேற்றுபவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் சுமை விழும் இடத்துக்கு எண்ணெய் போகாது. புது ஷாஃப்ட் போட்டோம். பழையதன் முனை அடைப்பைக் கழற்றியபோது உள்ளே களிம்புபோல் கெட்டியான கறுப்பு மசகு அடைந்திருந்ததையும் பார்த்தேன். இங்கிலாந்திலிருந்து வந்த ராக்கர்களில் இரண்டின் புஷ் இறுக்கமாக இருந்ததால், அவற்றுக்கு மட்டும் கன்மெட்டலில் புதிதாகக் கடைந்து, அழுத்தி ஏற்றிய பிறகு எண்ணெய்த் துளையிட்டு, உள்விட்டத்தை அளவுக்குக் கொண்டுவரும் ரீமர் ஓட்டி, ஷாஃப்டில் எண்ணெய் தடவி நிறுத்தினால் தன் எடையாலேயே மெல்லச் சாயும் பதத்துக்குக் கொண்டுவந்தார்.

கைடுகளை மாற்றியதும் சீட்டைச் சரிபார்த்ததும் வழக்கமான வேலைகள். அவற்றிலும் குறை காணவில்லை. ஹெட்டை வண்டியில் ஏற்றி, இரண்டு வால்வுகளின் எண்களைக் கூட்டினால் ஒன்பது வரும் ஒன்பதின் கணக்குப்படி, அதாவது எட்டாவது வால்வு முழுதாகத் திறந்திருக்கும்போது முதலாவதையும், ஏழாவது திறந்திருக்கும்போது இரண்டாவதையும் என்ற முறையில், ஹேண்டிலால் என்ஜினைச் சுற்றி எல்லாவற்றுக்கும் 15 தவ் வைத்தோம். ஓடவிட்டு, சூடு ஏறி ஆறிய பின் ஹெட் நட்டுகளை மறுபடி இறுக்கியதால் இடைவெளிகளையும் மறுபடி பார்த்தோம். இப்போது 1,200 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. சென்ற வாரம் வால்வு கவரைத் திறந்து அளந்தேன். ஆறு வால்வுகளில் மாற்றமே இல்லை, இரண்டில் ஒரு தவ் மட்டும் கூடியிருந்தது. பொள்ளாச்சி சாலையில் சிக்னலுக்கு நிற்கும்போது என்ஜின் ஓடுகிறதா என்று என் மனைவி கேட்கும் அளவுக்குச் சத்தம் அடங்கிவிட்டது.

வண்டியின் வேகமோ இழுவையோ கூடும் என்று எதிர்பார்த்து இந்த மாற்றத்தைச் செய்ய வேண்டாம். இரண்டு ராக்கர்களிலும் வால்வுப் பக்கக் கை, புஷ் ராடு பக்கக் கையைப்போலச் சற்றேறக்குறைய 1.4 மடங்கு என்பதால் வால்வு இறங்கும் அளவு மாறுவதில்லை. நல்ல எஃகும் சரியான உயரமும் மட்டுமே இதில் கிடைக்கும் பயன்.

பட்டறையைப் பற்றிய குறைகளையும் சொல்ல வேண்டும். ஒன்பது நாளில் தருவதாகச் சொன்ன வேலைக்குப் பத்தொன்பது நாள் ஆனது. இடையில் போன் செய்தால் எடுப்பதில்லை. அளந்த அளவுகளை எங்கும் எழுதிக் கொடுப்பதில்லை; நான் பக்கத்திலேயே நின்று குறித்துக்கொண்டதால்தான் என்னிடம் கணக்கு இருக்கிறது. ராக்கர்களின் விலையும் புது ஷாஃப்டின் விலையும் நீங்கலாகக் கூலியும் கைடும் ஷிம்மும் புஷ்ஷும் சேர்த்து 7,400 ரூபாய் வாங்கினார். வேலையின் தரத்துக்கு அது நியாயமான தொகை என்றே கருதுகிறேன். பழைய ராக்கர்கள் எட்டையும் கம்பியில் வரிசைப்படி கோத்து, எண் எழுதிய அட்டையோடு திருப்பிக் கொடுத்தார்.

போக நினைப்பவர்கள் ராக்கர் செட்டை மட்டும் எடுத்துப்போகாமல் ஹெட்டையும் எட்டுப் புஷ் ராடுகளையும் சேர்த்தே கொண்டுபோக வேண்டும். ஹெட் கேஸ்கெட்டும் வால்வு கவர் கேஸ்கெட்டும் அங்கே கிடைக்காது, நாமே வாங்கிவர வேண்டும். காலை பத்து மணிக்கு முன் போனால் மேஸ்திரி நின்று பேச நேரம் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை விடுமுறை.