ஏழு வருட ஆர்ச்சிகேட் பழக்கத்தில் கற்றது: தள உயரத்தைச் செங்கல் வரியில் எண்ணுங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பகுதியில் ஒரு அக்கா வீடு. மகனுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது, மேலே ஒரு மாடி எடுக்க வேண்டும் என்றார். போய் அளந்துகொண்டு வந்தேன். கட்டட பிளான் வரையும் மென்பொருளான ஆர்ச்சிகேட்டைத் திறந்து, கண்ட்ரோலும் 7-ம் அழுத்தி, தள அமைப்புப் பெட்டியில் தரைத்தளத்துக்கும் முதல் தளத்துக்கும் இடையே 2720 மி.மீ. என்று போட்டு, முழு பிளானையும் வரைந்து முடித்தேன். அந்த ஓர் எண் தப்பு.

2720 எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். தென்னாப்பிரிக்காவில் வழக்கமான செங்கல் 222 × 106 × 73 மி.மீ. அதன் உயரம் 73-ஓடு கலவை 12 சேர்த்தால் ஒரு வரி, அதாவது ஓர் அடுக்குச் செங்கல், 85. முப்பது வரி 2550, அதன்மேல் இரண்டு வரிக்குச் சமமாக 170 மி.மீ. கான்கிரீட் ஸ்லாப். ஆக 2720. படிக்கட்டில் ஒரு படி 170 என்று வைத்தால் சரியாக 16 படி. கொத்தனார் ஒரு செங்கல்லைக்கூட வெட்டாமல் மேலே போகலாம். பல இடங்களில் போடுகிற 3000-ஐ இங்கே போட்டால் அது 35 வரியும் கொஞ்சமும் ஆகும். அந்தக் ‘கொஞ்சத்தை’ வேலையிடத்தில் யாராவது வெட்டியோ கலவையைத் தடித்தோ சரிக்கட்ட வேண்டியிருக்கும்.

கணக்கு சரிதான். ஆனால் நான் அளந்தது உள்ளே, டைல்ஸிலிருந்து சீலிங் பலகை வரைக்கும். பலகைக்கு மேலே சுவர் எவ்வளவு போகிறது என்று பார்க்கவில்லை. இரண்டாம் முறை போனபோது சமையலறைப் பின்சுவர் பூசாமல் இருந்தது கண்ணில் பட்டது. விரலை வைத்து எண்ண ஆரம்பித்தேன்.

“என்னப்பா, செங்கல்லையா எண்ணுறே?”

“ஆமாக்கா. உங்க மாடிப்படி இதுலதான் இருக்கு.”

31 வரி. ஸ்லாப்பைச் சேர்த்தால் 2805.

அன்று ராத்திரி பெட்டியைத் திறந்து 2720-ஐ 2805 ஆக்கினேன். மேல்தளத்தோடு தலையை இணைத்திருந்த சுவர்கள் எல்லாம் தாமாக 85 மி.மீ. உயர்ந்தன. படிக்கட்டும் கூடவே வளர்ந்தது. அதில் 17 படி என்று மாற்றினேன், ஒவ்வொன்றும் 165. இங்குள்ள விதிப்படி ஒரு படி 200-க்கு மேல் போகக்கூடாது, அதனால் தாராளமாகப் பொருந்தியது. ஆனால் அவசரத்தில் உயரத்தை எண்ணாகவே அடித்து வரைந்த நான்கு சுவர்கள் இருந்த இடத்திலேயே நின்றுவிட்டன. வீட்டைச் செங்குத்தாக வெட்டிக் காட்டும் செக்‌ஷனைத் திறந்தால் ஸ்லாப்புக்குக் கீழே ஒரு வரி அளவுக்கு வெளிச்சம் தெரிகிறது! அதிலிருந்து எந்தச் சுவரையும் மேல்தளத்தோடு இணைத்து, ஸ்லாப் தடிமனுக்காக 170 குறைத்துத்தான் வரைகிறேன். எனக்கு இந்த மென்பொருளில் மிகவும் பிடித்த விஷயமே இந்த இணைப்புதான்.

தளக்கோடு எதன் தலையில் நிற்க வேண்டும், கான்கிரீட்டிலா டைல்ஸிலா? இதற்கு ஆளுக்கொரு பதில் கிடைக்கும். நான் கான்கிரீட் பக்கம். என்ஜினியர் வரைவது அந்த மட்டத்துக்கு, கொத்தனார் நூல் கட்டுவதும் அதே மட்டத்துக்கு. டைல்ஸோ கடைசி வாரம் வரை மாறிக்கொண்டே இருக்கும். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: கீழே டைல்ஸ், மேலே வேறு தரை என்று தடிமன் மாறினால் முதல் படியும் கடைசிப் படியும் மற்றவற்றோடு ஒத்துப்போகாது. அந்த வித்தியாசத்தைப் படிக்கட்டு வரையும்போதே கணக்கில் எடுத்துவிடுங்கள்.

டர்பன் மேடும் பள்ளமுமான ஊர். ஆரம்ப காலத்தில் சரிவான ஒரு மனையில், ஆறு வரிக்கு ஒரு தட்டு என்று இறங்கிய வீட்டுக்கு, ஒவ்வொரு தட்டையும் தனித் தளமாக்கினேன். மொத்தம் ஏழு தளம். எந்தப் பிளானைத் திறந்தாலும் பாதி வீடுதான் தெரிந்தது. சரி, வேண்டாததை எடுத்துவிடலாம் என்று ஒரு தளத்தை நீக்கினேன். ஆர்ச்சிகேட்டில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு சொந்தத் தளம் உண்டு, தளத்தை நீக்கினால் அதைச் சொந்தமாகக் கொண்டதெல்லாம் சேர்ந்தே போகும். மண்ணைத் தாங்கும் சுவர் காணாமல் போனதை இரண்டு நாள் கழித்து செக்‌ஷனில்தான் பார்த்தேன். இப்போதெல்லாம் முழு ஆள் உயரத்துக்கு மேலே கீழே போனால்தான் தளம். அரைத் தட்டை, இருக்கிற தளத்திலிருந்து இத்தனை மி.மீ. கீழே என்று கொடுத்துவிடுவேன். நீக்குவதற்கு முன்னால் அதிலுள்ளவற்றை வேறு தளத்துக்கு மாற்றுவதும் வழக்கமாகிவிட்டது.

சர்வேயர் தருகிற கடல் மட்ட உயரத்தைத் தள அமைப்பில் ஏற்ற வேண்டாம். தரைத்தள ஸ்லாப் பூஜ்யமாகவே இருக்கட்டும். கடல் மட்டத்துக்குத் திட்ட இடம் குறிக்கும் பெட்டியில் தனி இடம் இருக்கிறது.

அப்புறம் ட்ரேஸ். கீழ்த்தளத்தை மங்கலாக அடியில் காட்டிக்கொண்டு மேல்தளத்தை வரையும் வசதி. குழாய்கள் ஒன்றன்மேல் ஒன்று வர எல்லோரும் பயன்படுத்துவார்கள். அக்கா வீட்டில் எனக்கு வேறொரு காரணத்துக்கும் உதவியது. மேலே குளியலறையை எங்கே வைப்பது என்று பேசிக்கொண்டிருந்தபோது, “சாமி ரூமுக்கு மேல மட்டும் வேண்டாம்பா” என்றார். மடிக்கணினியில் ட்ரேஸை ஏற்றி, விளக்கு மாடம் எங்கே வருகிறது என்று மேல்தளப் பிளானிலேயே காட்டினேன். குளியலறையை இரண்டு மீட்டர் நகர்த்தி, கீழே சமையலறைக் குழாய் இருந்த பக்கம் கொண்டுபோனோம். குழாய்ச் செலவும் குறைந்தது. அவர் திரையைத் தொட்டு, மாடத்துக்கு மேலே வெறும் வராந்தாதான் இருக்கிறது என்று தாமே பார்த்துக்கொண்டார்.

அடுத்து டர்பனிலேயே பீனிக்ஸ் பகுதியில் ஒரு வீடு. போனில் பேசும்போதே கேட்டுவிட்டேன், பூசாத சுவர் எந்தப் பக்கம் இருக்கிறது என்று.