முழங்கால் மேல்முறையீடு: சப்ளிமென்டலா, ஹையர் லெவலா, போர்டா?

அமெரிக்கப் படையிலிருந்து வெளியே வந்தபின் மூட்டுத் தேய்வுக்காக வி.ஏ.வில் (முன்னாள் படைவீரர் நலத்துறை) இழப்பீட்டுக்கு விண்ணப்பித்தவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டு விதமான கடிதங்கள்தான் வரும். ஒன்று, 'பணியோடு தொடர்பில்லை' என்ற மறுப்பு. இன்னொன்று, இழப்பீட்டைத் தீர்மானிக்கும் ஊன மதிப்பீடு (ரேட்டிங்) 10 சதவீதம் என்பது. இரண்டில் எது வந்தாலும் அடுத்து மூன்று வழிகள் உண்டு. 2017-ல் வந்த சட்டம் 2019 பிப்ரவரி 19 முதல் நடைமுறைக்கு வந்ததால் கிடைத்த ஏற்பாடு இது. என் வலது முழங்காலுக்கு 10 சதவீதம் வந்தபோது நான் எடுத்தது சப்ளிமென்டல் கிளெய்ம். அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும், முன்பே சொல்லிவிடுகிறேன்.

அடிப்படை விஷயங்களைச் சீக்கிரம் முடித்துவிடலாம். சப்ளிமென்டலுக்கு 20-0995 படிவம். புதிய, தொடர்புடைய ஆதாரம் ஏதாவது ஒன்றாவது வேண்டும். ஹையர் லெவல் ரிவ்யூவுக்கு 20-0996. அனுபவம் கூடிய வேறொரு அதிகாரி அதே கோப்பைப் புதிதாகப் படிப்பார், ஒரு தாள்கூடக் கூடுதலாக வைக்க முடியாது. போர்டு (முன்னாள் படைவீரர் மேல்முறையீட்டு வாரியம்) அப்பீலுக்கு 10182. சட்ட நீதிபதி ஒருவர் முடிவெடுப்பார். முதல் இரண்டுக்கும் வி.ஏ. சொல்லும் சராசரி இலக்கு 125 நாள். போர்டில் புதிய ஆதாரமும் விசாரணையும் இல்லாத நேரடிப் பரிசீலனைக்கே 365 நாள் இலக்கு, விசாரணை கேட்டால் அதைவிட நீளும். வேகத்தை மட்டும் பார்த்தால் போர்டு முதலிலேயே விழுந்துவிடும். ஆனால் வேகத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

மூட்டு விஷயத்தில் எல்லாவற்றையும் தீர்மானிப்பது ஒன்றே ஒன்று: உங்கள் மோசமான நாள் கோப்பில் இருக்கிறதா?

முழங்காலுக்கு ரேட்டிங் கொடுப்பது டிகிரிக் கணக்கில். சாதாரண முழங்கால் 140 டிகிரி வரை மடங்கும். மடக்கம் 45 டிகிரியோடு நின்றால் 10 சதவீதம், 30 டிகிரியோடு நின்றால் 20, 15 டிகிரியோடு நின்றால் 30. இப்போது யோசித்துப் பாருங்கள், 45 டிகிரிகூட மடங்காத கால் எப்படிப்பட்ட கால்! சி அண்ட் பி பரிசோதனைக்கு (ரேட்டிங்குக்காக வி.ஏ. ஏற்பாடு செய்யும் மருத்துவப் பரிசோதனை) வருகிறவர் தானாகக் காரோட்டி வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, மேசைமேல் ஏறிப் படுக்கிறார். அளவுகோலை வைத்தால் 100, 110 என்று வரும். அட்டவணைப்படி அதற்குப் பூஜ்யம். வலியோடு அசையும் மூட்டுக்குக் குறைந்தபட்ச ரேட்டிங்காவது தரவேண்டும் என்று 4.59 என்ற தனி விதி இருப்பதால்தான் பலருக்கும் அந்த 10 வருகிறது. அதற்கு மேலே போக வேண்டுமென்றால், வீக்கமும் வலியும் ஏறும் ஃப்ளேர்-அப் நாட்களில் கால் எவ்வளவு மடங்குகிறது என்பது எழுத்தில் வந்தாக வேண்டும்.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. வலி, பலவீனம், களைப்பு, திரும்பத் திரும்பப் பயன்படுத்தியபின் வரும் இழப்பு எல்லாவற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று 1995-லேயே டிலூக்கா வழக்கில் தீர்ப்பு வந்துவிட்டது. 'இன்று ஃப்ளேர்-அப் இல்லை, அதனால் ஊகித்துச் சொல்ல முடியாது' என்று மருத்துவர் கைகழுவிவிட முடியாது, நோயாளி சொல்வதையும் மற்ற பதிவுகளையும் வைத்து மதிப்பிடப் பார்க்க வேண்டும் என்று 2017-ல் ஷார்ப் வழக்கு சொன்னது. என்னைப் பரிசோதித்த மருத்துவரின் அறிக்கையில் ஃப்ளேர்-அப் பற்றிய கட்டத்தில் இருந்தது ஒரே வரி. மாதத்தில் எத்தனை முறை, எத்தனை நாள் நீடிக்கும், அப்போது படியேற முடியுமா என்பதெல்லாம் இல்லை.

சரி, இந்தக் கோப்பைத் தூக்கி ஹையர் லெவலுக்குக் கொடுத்தால் என்ன ஆகும்? அங்கே இருப்பவர் நேர்மையானவர், திறமைசாலி என்றே வைத்துக்கொள்வோம். அவர் கண்ணுக்கும் அதே ஒரே வரிதான் தெரியும். உப்பில்லாத குழம்பை இன்னொருவருக்கு ருசிபார்க்கக் கொடுப்பது மாதிரி. அதிகபட்சம், பரிசோதனை போதவில்லை என்று கண்டு இன்னொரு பரிசோதனைக்கு அனுப்புவார். அந்த இரண்டாவது நாளும் உங்கள் கால் நல்லபடியாக நடந்துகொண்டால்?

சப்ளிமென்டலில் நான் மூன்று தாள்களைச் சேர்த்தேன். வி.ஏ. பொதுவில் வைத்திருக்கும் முழங்கால் டி.பி.க்யூ. படிவத்தை (குறைபாட்டின் அளவை மருத்துவர் பதியும் கேள்வித்தாள்) என் சொந்த எலும்பு மருத்துவர் நிரப்பித் தந்தார், வீங்கியிருந்த நாளில் எடுத்த அளவோடு. ஃப்ளேர்-அப் குறிப்புகளை நாள்வாரியாக நானே எழுதினேன். மூன்றாவது என் மனைவி 21-10210 படிவத்தில் எழுதிய சாட்சியம். மருத்துவ வார்த்தை ஒன்றுகூட அதில் கிடையாது. குளியலறையில் பிடிமானக் கம்பி போட்டதையும், கடைக்குப் போனால் பாதியில் காரிலேயே உட்கார்ந்துவிடுவதையும் எழுதியிருந்தாள். மறுபடியும் பரிசோதனைக்குக் கூப்பிட்டார்கள். இந்த முறை மருத்துவர் முன்னால் அந்தத் தாள்கள் இருந்தன, அவற்றை மேற்கோள் காட்டியே ஃப்ளேர்-அப் அளவை 30 டிகிரி என்று எழுதினார். 20 சதவீதம் வந்தது. மூன்றில் எந்தத் தாள் வேலை செய்தது என்று என்னால் சொல்ல முடியாது. டி.பி.க்யூ.வாகத்தான் இருக்கும் என்று மருத்துவர் சொல்கிறார், மனைவி ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறாள்.

'தொடர்பில்லை' என்று மறுக்கப்பட்டவர்களுக்கும் நான் சொல்வது இதுவே. மூட்டுவாதம் வி.ஏ.வின் நாள்பட்ட நோய்ப் பட்டியலில் இருக்கிறது. வெளியேறிய ஓராண்டுக்குள் 10 சதவீத அளவுக்குத் தெரிந்திருந்தால் பணியால் வந்ததாகவே எடுத்துக்கொள்வார்கள். அந்த ஓராண்டு தாண்டியிருந்தாலும், பணிக்காலத்தில் தொடங்கிய அறிகுறிகள் விடாமல் தொடர்ந்தன என்று காட்டும் வழி இந்தப் பட்டியல் நோய்களுக்கு உண்டு. அதைக் காட்ட உடன் பணியாற்றியவரின் சாட்சியமோ, வீட்டாரின் சாட்சியமோ உதவும். இவையெல்லாம் புதிய ஆதாரம். ஹையர் லெவலில் நுழைய முடியாதவை. நோய்க்கும் பணிக்கும் உள்ள தொடர்பைச் சொல்லும் கடிதத்தை மருத்துவரிடம் வாங்கினால் 'இருக்கலாம்' என்று எழுதவிடாதீர்கள். பாதிக்குப் பாதியாவது வாய்ப்பு உண்டு என்று காரணத்தோடு எழுதச் சொல்லுங்கள். அப்புறம் ஒன்று: ஒரு கால் கெட்டு, நடை கோணி, மற்ற முழங்காலும் போய்விட்டது, அதற்கு இதுவரை விண்ணப்பமே போடவில்லை என்றால் அது மேல்முறையீடு ஆகாது. தனியாகப் புதிய கிளெய்ம் போட வேண்டும்.

ஹையர் லெவலுக்கும் ஓர் இடம் உண்டு. தேவையான தாள் எல்லாம் கோப்பிலேயே இருந்து, படித்தவர் தவறவிட்டிருந்தால் அதைவிட நல்ல வழி இல்லை. உதாரணமாக, பரிசோதனை அறிக்கையிலேயே 30 டிகிரி என்று இருந்தும் 10 சதவீதம் கொடுத்திருந்தால். அல்லது மடக்கத்துக்கும் நீட்டத்துக்கும் தனித்தனி ரேட்டிங் வரவேண்டிய இடத்தில் ஒன்றை மட்டும் கொடுத்திருந்தால். படிவத்தில் தொலைபேசி உரையாடல் கேட்கும் கட்டத்தைக் குறித்துவிட்டு, பக்க எண்ணோடு பிழையைச் சொல்லலாம். ஆனால் ஹையர் லெவல் முடிவின்மேல் இன்னொரு ஹையர் லெவல் கேட்க முடியாது. சப்ளிமென்டலுக்கு அந்தத் தடை கிடையாது.

போர்டுக்கு நான் போனதில்லை, அதனால் விதிகளில் இருப்பதை மட்டும் சொல்கிறேன். அங்கே மூன்று வரிசைகள்: நேரடிப் பரிசீலனை, 90 நாளுக்குள் ஆதாரம் சேர்ப்பது, நீதிபதி முன் விசாரணை. வயது 75 ஆகியிருந்தாலோ, கடும் நோயோ பண நெருக்கடியோ இருந்தாலோ வரிசையில் முன்னால் எடுக்கக் கேட்கலாம். சட்டத்தைப் பற்றியே தகராறு என்றால், அல்லது உங்கள் வாய்மொழியை நேரில் ஒருவர் கேட்டு நம்பினால்தான் நடக்கும் என்றால், காத்திருப்பது வீணாகாது என்றே நினைக்கிறேன். அங்கேயும் தோற்றால் 120 நாளுக்குள் முன்னாள் படைவீரர் மேல்முறையீட்டு நீதிமன்றம்.

எதை எடுத்தாலும், முடிவுக் கடிதத்தின் தேதியிலிருந்து ஓராண்டுக்குள் போட்டுவிடுங்கள். அப்போதுதான் முதல் விண்ணப்பத்தின் தேதி காப்பாற்றப்படும், ஜெயித்தால் நிலுவை அங்கிருந்து வரும். ஓராண்டுக்குப் பிறகும் சப்ளிமென்டல் போடலாம். பழைய தேதி போய்விடும், அவ்வளவுதான். ஹையர் லெவலில் தோற்று, அதிலிருந்து ஓராண்டுக்குள் சப்ளிமென்டலுக்கு மாறினாலும் பழைய தேதி தொடரும்.

டி.ஏ.வி., அமெரிக்கன் லீஜன் போன்ற முன்னாள் படைவீரர் சங்கங்களின் பிரதிநிதிகள் காசு வாங்காமல் படிவம் போட்டுத் தருவார்கள். வழக்கறிஞர் என்றால் நிலுவைத் தொகையில் 20 சதவீதம் வரை நியாயமான கட்டணம் என்று வி.ஏ. கருதுகிறது. 10-ஐ 20 ஆக்கும் முழங்கால் வேலைக்குச் சங்கப் பிரதிநிதியே போதும். பல ஆண்டு நிலுவையோடு போர்டு வரை இழுக்கும் தொடர்பு மறுப்புக்கு வேண்டுமானால் வழக்கறிஞரைப் பாருங்கள்.