அகலப் பலகைக்காக வாங்கிய நகரும் அறுவை மில்

மேசை செய்கிற எனக்கு அகலமான ஒற்றைப் பலகை வேண்டும். துண்டுகளை ஒட்டிச் செய்த மேசையில் ரேகை நடுவிலேயே முறிந்துவிடும். ஒரே அடிமரத் தடியிலிருந்து வந்த பலகையில் அது ஓரம் முதல் ஓரம் வரை விட்டுப்போகாமல் ஓடும். அதற்காகத்தான் பெட்ரோல் எஞ்சினில் ஓடும் நகரும் பேண்ட் மில் (பட்டை ரம்பத்தால் அறுக்கும் இயந்திரம்) ஒன்றை வாங்கினேன். சில வருடங்களாக இதில்தான் அறுக்கிறேன். வாங்க நினைப்பவர்கள் எடுத்த எடுப்பில் எஞ்சின் எத்தனை குதிரைத்திறன் என்று கேட்கிறார்கள். நான் முதலில் தண்டவாளத்தைத்தான் பார்ப்பேன்.

இதில் தடி அசையாமல் கிடக்கும், அறுக்கும் தலை அதற்கு மேலே தண்டவாளத்தில் நகரும். இரண்டு சக்கரங்களில் சுற்றும் ரம்பப் பட்டை 32 மி.மீ. அகலம், 1 மி.மீ. சொச்சம் கனம். எஞ்சின் 14 குதிரைத்திறன். 70 செ.மீ. விட்டமுள்ள தடி ஏறும் என்று விளம்பரத்தில் பெரிதாகப் போட்டிருப்பார்கள். அது உண்மைதான். ஆனால் ஒரே அறுப்பில் வரும் பலகையின் அகலம் 56 செ.மீ.க்கு மேல் போகாது. 70 செ.மீ. தடியை ஏற்றினால் மேலிருந்து சில பலகைகள் எடுத்ததுமே தலை இரண்டு பக்கமும் முட்டிக்கொள்ளும். தடியைப் புரட்டிப் பக்கத்தைச் சீவினால்தான் நடுப்பகுதிக்குப் போக முடியும். சீவினால் மரத்தின் இயற்கையான ஓர வளைவு போய்விடும். எனக்கு வேண்டியதே அந்த வளைவுதான். ஆகவே தடியின் விட்டத்தை விட்டுவிட்டு, அறுப்பின் அகலம் எவ்வளவு என்று கேளுங்கள்.

இப்போது தண்டவாளம். 60 செ.மீ. விட்டம், 3 மீட்டர் நீளமுள்ள தடி கிட்டத்தட்ட 0.85 கன மீட்டர். பச்சை மரம் என்றால் பல இனங்களில் அது 700 முதல் 850 கிலோ வரை இருக்கும். இவ்வளவு எடை நடுவில் உட்கார்ந்தால் தடி வளையாது, தண்டவாளம்தான் வளையும். தலை அந்தப் பள்ளத்தில் இறங்கி ஏறும். பலகைகளை எடுக்க எடுக்கச் சுமை குறைந்து தண்டவாளம் மெல்ல நிமிரும். அப்புறம் வரும் பலகை முனையில் ஒரு கனம், நடுவில் வேறு கனம். என் மில்லில் குறுக்குச் சட்டங்கள் கொஞ்சம் தள்ளித்தள்ளி இருக்கின்றன. ஒவ்வொன்றின் கீழும் கட்டை கொடுத்து, நூல் பிடித்து மட்டம் பார்த்த பிறகே தடியை ஏற்றுகிறேன். இதற்கு அரை நாள் போனாலும் பரவாயில்லை. இடம் மாற்றினால் மறுபடியும் முதலிலிருந்து பார்க்க வேண்டும்.

தண்டவாளத்துக்கு அடுத்தது பட்டையின் இழுவிசை. பலகையில் அலை அலையாக மேடு பள்ளம் தெரிந்தால் பெரும்பாலும் மூன்று காரணங்கள்: பல் மழுங்கியிருக்கும், பட்டை தளர்ந்திருக்கும், இல்லையென்றால் தள்ளுகிற கை அவசரப்பட்டிருக்கும். பட்டை சூடானால் நீண்டு தளரும், ஆகவே ஓட ஓட இழுவிசையைச் சரிபார்க்க வேண்டும். இந்த மில்லில் அதைக் கூட்டும் திருகும் அளவுமானியும் பக்கத்திலேயே இருப்பதால் அது நிமிட வேலை. வேலை முடிந்ததும் பட்டையைத் தளர்த்தி வைப்பதும் அவசியம், இல்லாவிட்டால் சக்கரத்தின் ரப்பர் அமுங்கித் தடம் விழுந்துவிடும். பொதுவான மரத்துக்கு 10 பாகை சாய்ந்த பல் போதும். காய்ந்த, வைரம் பாய்ந்த மரத்துக்கு 4 பாகை பட்டை மாட்டினால் அலை அடங்குகிறது.

பல்லைக் கெடுப்பதில் மரத்தைவிட மண்ணுக்குத்தான் பங்கு அதிகம். தரையில் இழுத்துவந்த தடியின் மரப்பட்டையில் ஒட்டியிருக்கும் மணல், கூரான பல்லை ஒரே அறுப்பில் மழுக்கிவிடும். கழுவுங்கள், முடிந்தால் மரப்பட்டையை உரித்துவிடுங்கள். வீட்டோரம் நின்ற மரத்தில் ஆணியும் கம்பியும் இருக்கும். வெட்டு முகத்தில் நீலக் கறுப்புக் கறை தெரிந்தால் உள்ளே இரும்பு இருக்கலாம். உலோகம் கண்டறியும் கருவியை ஒரு முறை மேலே ஓட்டிவிட்டுத்தான் நான் எஞ்சினைத் தொடுவேன்.

முன்பு செயின் ரம்பத்தில் சட்டம் மாட்டி அறுத்துக்கொண்டிருந்தேன். அதை இன்னும் வைத்திருக்கிறேன், ஏனென்றால் ஒரு மீட்டர் அகலப் பலகைக்கு என்னிடம் வேறு வழியில்லை. தடி விழுந்த இடத்திலேயே அறுக்கலாம், மலைச்சரிவிலும் சுமந்து போகலாம். ஆனால் சேதாரம் மனதை அறுக்கிறது. செயின் ஒரு முறை போனால் 9 மி.மீ. மரத்தைத் தூளாக்கும். பேண்ட் மில் 2.5 மி.மீ.க்குள் முடிக்கும். 60 செ.மீ. தடியில் 50 மி.மீ. பலகைகள் எடுத்தால் வித்தியாசம் முழுதாக ஒரு பலகை. நூறு வருடம் நின்ற மரத்தில் ஒரு பலகையைத் தூளாகக் கூட்டிப் பெருக்க எனக்கு மனம் வராது. தவிர செயினில் வந்த பலகையைச் சமப்படுத்தவே பாதி நாள் போகும். பேண்ட் மில்லில் அறுத்த முகத்தை இழைப்புளி லேசாகத் தொட்டால் போதும்.

மேல் பலகையைத் தூக்கிப் புரட்டும் நேரம்தான் இந்த வேலையின் சுகம். கவை பிரிந்த இடத்தில் ரேகைகள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து மயில்தோகை மாதிரி விரிந்திருக்கும். வெளியில் பார்த்தால் அந்த மரத்துக்கு அப்படி ஒரு வயிறு இருப்பது தெரியவே தெரியாது. இந்த மில் அந்த இடத்தைக் கிழிக்காமல் சுத்தமாகத் திறந்து காட்டுகிறது.

ஆனால் மில்லிலிருந்து இறங்கிய பலகை நேராக மேசைக்குப் போகாது. 50 மி.மீ. வேண்டுமென்றால் 57 வைத்து அறுங்கள், காய்ந்து சுருங்குவதற்கும் இழைப்பதற்கும் அது சரியாக இருக்கும். வெட்டு முனைகளில் அன்றைக்கே மெழுகு பூசுங்கள். பலகைகளுக்கு இடையில் 40 செ.மீ.க்கு ஒரு குச்சி, குச்சிக்கு நேர் மேலே குச்சி. நிழலில் காற்றாட அடுக்கினால் 25 மி.மீ. கனத்துக்கு ஒரு வருடம் என்பது தச்சர்கள் கைக்கணக்கு, இனத்தைப் பொறுத்து மாறும். தடியின் மையம் விழுந்த பலகை வெடித்தே தீரும். அதை நடுவில் பிளந்து இரண்டாக வைத்துக்கொள்வது நல்லது.

குறைகளும் உண்டு. தடியைப் பிடிக்கும் கொக்கிகள் உயரமானவை, கடைசி இரண்டு பலகைகளின்போது பட்டை அவற்றில் மோதாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கன அளவுகோல் கைப்பிடிக்கு எதிர்ப்பக்கம் இருக்கிறது, ஒவ்வொரு முறையும் எட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது. பட்டையை நனைக்கும் தண்ணீர்க் குழாயின் திருகு அதிர்வில் தானாகத் திறந்துகொள்கிறது.

வருடத்துக்கு ஒரு தடி அறுப்பவர் இதை வாங்க வேண்டாம். மில்லோடு வந்து அறுத்துக் கொடுப்பவரைக் கூப்பிட்டுக்கொள்ளலாம். மரம் தொடர்ந்து வருகிறது, உலர்த்த இடமும் இருக்கிறது என்றால் தாராளமாக வாங்கலாம். வாங்கும்போதே பத்து ரம்பப் பட்டைகள் சேர்த்து வாங்குங்கள், காதுக்கும் மூக்குக்கும் கவசமும் எடுத்துக்கொள்ளுங்கள். சக்கர மூடியைத் திறந்து வைத்து மட்டும் ஓட்டாதீர்கள், அறுந்த பட்டை எந்தப் பக்கம் பாயும் என்று சொல்ல முடியாது.